திருடத் தூண்டும் மனநோய்: மாத்திரையா, பயிற்சியா, வீட்டுக் காவலா?

சூப்பர் மார்க்கெட்டிலிருந்து போன் வருகிறது. ‘உங்க வீட்டம்மா பில் போடாம பொருள் எடுத்திருக்காங்க, சிசிடிவியில இருக்கு.’ போய்ப் பார்த்தால் ஒரு லிப்ஸ்டிக், இரண்டு ஹேர் கிளிப், ஒரு டார்ச் பேட்டரி. அவர் கைப்பையில் அதைப்போல் பத்து மடங்கு பணம் இருக்கிறது. வீட்டு அலமாரியைக் குடைந்தால் விலைச்சீட்டு கிழிக்காத சில்லறைப் பொருள்கள் ஒரு மூட்டை. அன்று இரவு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நாலு அறை விட்டால் சரியாகிவிடும் என்பார் அண்ணன். ஏர்வாடிக்கோ குணசீலத்துக்கோ கூட்டிப் போகலாம் என்பார் மாமியார். இதற்கு மாத்திரை இருக்கிறதாம் என்று போனைக் காட்டுவார் கொழுந்தன். இனிமேல் தனியாகக் கடைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் என்று கணவர் பேச்சை முடிப்பார். பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான் நடக்கும்.

இவற்றில் எது எதைத் தரும் என்று வைத்துப் பார்க்கலாம். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கிளெப்டோமேனியாதான், அதாவது திருடும் உந்துதலை அடக்க முடியாத நோய்தான் என்று மனநல மருத்துவர் உறுதி செய்தால், நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்த வழிதான் இன்று இருப்பதில் தேறுவது. வீட்டுக் காவல் அந்தச் சிகிச்சை பிடிக்கும்வரை கொடுக்கும் முட்டு. பல இடங்களில் முதலில் எழுதித் தரப்படுவது வேறு மாத்திரை என்பதால் அதைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

எல்லாக் கைநீளமும் நோய் இல்லை

கடையில் திருடிப் பிடிபடுகிறவர்களில் 4 முதல் 24 சதவீதம் பேருக்குத்தான் இந்த நோய் இருக்கிறது என்கிறது டி.எஸ்.எம்-5. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேடு அது. மொத்த மக்களில் 0.3 முதல் 0.6 சதவீதம்; ஆண் ஒருவருக்குப் பெண் மூவர் என்ற கணக்கு. மற்றவர்கள் தேவைக்காக, விற்பதற்காக, நண்பர்களின் சவாலுக்காக, முதலாளி மேலுள்ள கோபத்துக்காக எடுப்பவர்கள். அவர்களுக்கு மாத்திரை கொடுத்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

கிளெப்டோமேனியாவில் பொருள் முக்கியமே இல்லை. எடுப்பதற்கு முன் உள்ளே ஒரு இறுக்கம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கும் நொடியில் ஒரு கிளர்ச்சி, அல்லது பெரிய ஆசுவாசம். அப்புறம் வெட்கமும் பயமும். எடுத்ததைப் பயன்படுத்தாமல் மூலையில் போடுவார்கள், தூக்கி எறிவார்கள், சில சமயம் ரகசியமாகப் போய்த் திரும்ப வைத்துவிட்டும் வருவார்கள். திட்டம் போட்டு, கூட்டாளி வைத்து, எடுத்ததை விற்றுக் காசாக்கினால் அது இந்த நோய் இல்லை.

எந்த வயதில் ஆரம்பித்தது என்பதும் முக்கியமான கேள்வி. இந்த நோய் பெரும்பாலும் பதின்பருவத்திலேயே தலைகாட்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காசைத் தொடாத ஒருவர் 60 வயதை ஒட்டிப் புதிதாகக் கடையில் எடுக்க ஆரம்பித்தால், அதையும் ஒளிவுமறைவில்லாமல் எடுத்தால், மூளையின் முன்பகுதி தேயும் மறதிநோயைச் சந்தேகிக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஒரு நினைவாற்றல் மையத்தின் பதிவேடுகளைப் பார்த்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. நடத்தையைக் கெடுக்கும் இந்த வகை மறதிநோய் இருந்த 171 பேரில் 64 பேர் திருட்டு, சாலை விதிமீறல் போல ஏதாவது ஒரு சட்டமீறலில் சிக்கியிருந்தார்கள். அல்சைமர் நோயாளிகள் 545 பேரில் 42 பேர்தான். இங்கே முதலில் தேவைப்படுவது நரம்பியல் மருத்துவரும் எம்.ஆர்.ஐ ஸ்கேனும்.

பார்க்கின்சன் நோய்க்குப் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாமல் வாங்குவது போன்ற கட்டுப்பாடிழந்த நடத்தைகள் வருவது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அரிபிப்ரசோல் என்ற மனநல மருந்துக்கும் இதே எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் கொடுத்தது. அப்படியானால் மருந்தளவை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, எழுதித் தந்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். தூக்கமே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, லட்சக்கணக்கில் செலவு செய்யும் நாட்களில் மட்டும் திருடினால் அது இருதுருவ நோயின் எழுச்சி நிலை. அதற்கு மருந்து வேறு.

இந்தப் படியைத் தாண்டாமல் கீழே சொல்லும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

வீட்டுக் காவலும் அடியும்

காவலை நான் கேலி செய்யவில்லை. தனியாகப் போகாமல் இருந்தால் கடையில் எடுக்க முடியாது, அது உண்மைதான். நோயாளிகளே பலர் தமக்குத் தாமே இதைச் செய்துகொள்கிறார்கள். கடைப் பக்கம் போவதையே விட்டுவிடுகிறார்கள். செலவில்லை, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

ஆனால் உந்துதல் அப்படியே உள்ளே இருக்கிறது. கடை இல்லையென்றால் அலுவலக மேசை, கல்யாண வீடு, நாத்தனார் வீட்டு ஷோகேஸ். சொந்தக்காரர் வீட்டில் எடுத்தால் போலீஸ் வராது, உறவு போய்விடும். காவலுக்கு நிற்பவரும் மாதக்கணக்கில் நிற்க மாட்டார். எனவே இதற்கு ஒரு கெடு வையுங்கள்: மருத்துவரைப் பார்த்து, சிகிச்சை பிடிக்கும்வரை என்று.

அடியும் அவமானமும் வெறும் வீண் என்று விட்டுவிட முடியாது, ஆபத்தும்கூட. கிளெப்டோமேனியா உள்ள 107 பேரை வைத்து 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குக் காரணமாகச் சொன்னது இந்தத் திருட்டுப் பழக்கத்தைத்தான். பிடிபட்ட இரவில் அவரைத் தனியாக ஒரு அறையில் விட்டுக் கதவைச் சாத்துவது எந்தக் கணக்கிலும் சரியில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். சாகலாம் என்ற பேச்சு வந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் நேராக அவசரப் பிரிவு.

இரண்டு மாத்திரைகளுக்கு நடுவே

இப்படி ஒரு நோய் உண்டு என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆந்த்ரே மாத்தே எழுதியது 1816இல். இரு நூறு ஆண்டு கடந்தும் இதற்கென்று நடந்த உருப்படியான மருந்து ஆய்வுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். வெட்கத்தால் யாரும் முன்வராததும், நீதிமன்றத் துணுக்குச் செய்தியாகவே இது பார்க்கப்பட்டதும் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பலரும் முதலில் எழுதுவது செரட்டோனின் வகை மனச்சோர்வு மருந்து: ஃப்ளுவாக்ஸெடின், எசிட்டாலோபிராம், செர்ட்ராலின். எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும், மருத்துவர்களுக்குக் கைவந்த மருந்து, பெரிய அபாயமில்லை. எசிட்டாலோபிராமை அமெரிக்காவில் 24 பேருக்குக் கொடுத்து 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 19 பேருக்கு நல்ல முன்னேற்றம். இத்தோடு நிறுத்தியிருந்தால் அதிசய மருந்து என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். முன்னேறியவர்களில் 15 பேரைப் பிரித்து, சிலருக்கு அதே மருந்தையும் சிலருக்கு வெற்று மாத்திரையையும் யாருக்கும் தெரியாமல் கொடுத்தார்கள். மருந்து வாங்கிய 7 பேரில் 3 பேருக்குப் பழக்கம் திரும்பியது. வெற்று மாத்திரை வாங்கிய 8 பேரில் 4 பேருக்குத் திரும்பியது. அநேகமாக ஒன்றுதான்.

அப்படியானால் அந்த 19 பேரை முன்னேற்றியது எது? வாயைத் திறந்து ஒருவரிடம் சொன்னதும், வாராவாரம் யாரோ கேட்டதும், சிகிச்சை நடக்கிறது என்ற நம்பிக்கையும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் மாத்திரையின் கணக்கில் எழுத முடியாது.

நால்ட்ரெக்ஸோன் வேறு ரகம். மூளைக்குள்ளேயே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருள்கள்தான் இன்ப உணர்வைத் தூக்கிவிடுகின்றன. அவை போய் உட்காரும் இடங்களை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. எடுக்கும் நொடியில் வரும் அந்த ‘கிக்’ மங்குகிறது, போகப் போக ஏக்கமும் தணிகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் கிராண்ட் குழு 25 பேரை 8 வாரம் வைத்து, நாளுக்கு 50 முதல் 150 மில்லிகிராம் வரை கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2009இல் முடிவை வெளியிட்டது. மருந்து வாங்கியவர்களுக்குத் திருடும் உந்துதலும் திருட்டும் தெளிவாகக் குறைந்தன. 25 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, 8 வாரம் என்பது குறைந்த காலம். ஆனாலும் வெற்று மாத்திரையை ஜெயித்த மருந்து இது.

தொல்லை இல்லாத மருந்தும் அல்ல. முதல் சில நாட்கள் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். அதனால் 25 மில்லிகிராமில் ஆரம்பித்துச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்து மெல்ல ஏற்றுவது வழக்கம். தொடங்கும் முன்னும் இடையிடையேயும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை வேண்டும். கல்லீரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வழி மூடியதுதான். ட்ரமடால் போன்ற வலி மருந்தோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ எடுக்கிறவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. அறுவை சிகிச்சையோ விபத்தோ என்றால் வலியைக் குறைப்பதே சிக்கலாகும் என்பதால், இந்த மாத்திரை சாப்பிடுவதாக ஒரு சீட்டை எப்போதும் பர்ஸில் வைத்திருப்பது நல்லது.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. நால்ட்ரெக்ஸோன் இங்கே குடியை நிறுத்தும் மாத்திரையாகத்தான் தெரியும். மருந்துக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், மாமியார் அட்டையைக் கூகுளில் தேடிவிட்டு வேறு கதை கட்டுவார். வீட்டில் யாராவது ஒருவருக்காவது முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். கிளெப்டோமேனியாவுக்கு என்று எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற மருந்து எதுவுமே இல்லை, எசிட்டாலோபிராம் உட்பட. ஆகவே ‘இது இந்த நோய்க்கான மருந்தே இல்லையே’ என்ற வாதம் இரண்டு மாத்திரைக்கும் பொருந்தும்.

எனக்குப் படும் பிரிகோடு இது. எடுக்கும்போது கிளர்ச்சி, அடுத்த முறைக்கான ஏக்கம், குடும்பத்தில் குடியோ போதையோ இருக்கிறதென்றால் நால்ட்ரெக்ஸோனைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். எடுப்பது எல்லாம் மனம் சோர்ந்து கிடக்கும் நாட்களில்தான், பதற்றமோ உணவுக் கோளாறோ கூடவே இருக்கிறதென்றால் சோர்வு மருந்துக்கு நியாயம் உண்டு. அது குணப்படுத்துவது திருட்டை அல்ல, திருட்டுக்கு எண்ணெய் ஊற்றும் சோர்வை என்ற தெளிவோடு. லித்தியம், வால்ப்ரோயேட், டோபிராமேட் ஆகிய வேறு மருந்துகளுக்கு ஆதாரம் என்று சொன்னால் ஒன்றிரண்டு நோயாளிகளின் கதைகள்தான். மெமான்டின் 12 பேரிடம் பார்க்கப்பட்டது, ஒப்பீட்டுக் குழு இல்லாமல். இவையெல்லாம் மற்றவை தோற்ற பிறகு.

பயிற்சி

கவுன்சலிங் என்றதும் ஒருவர் உட்கார்ந்து அறிவுரை சொல்வார் என்று நினைக்கிறோம். திருடுவது தப்பு என்று அவருக்குத் தெரியாதா என்ன? இந்த நோய்க்கான நடத்தைப் பயிற்சியில் அறிவுரைக்கு இடமே இல்லை.

ஒரு முறை இப்படி: கண்ணை மூடி, கடைக்குள் நுழைவதிலிருந்து கற்பனை செய்யச் சொல்வார்கள். எந்த வரிசை, எந்த அலமாரி, கை எப்படிப் போகிறது. எடுக்கும் அந்த நொடியில் காட்சி மாறும். காவலாளியின் கை தோளில் விழுகிறது, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், மகளின் வகுப்புத் தோழியின் அம்மா அங்கேயே நிற்கிறார். இதைத் திரும்பத் திரும்ப, போனில் பதிவு செய்து வீட்டிலும் கேட்டு, உந்துதலோடு கிளர்ச்சிக்குப் பதில் இந்தக் காட்சி ஒட்டிக்கொள்ளும்வரை செய்வார்கள். இன்னொரு முறையில் மிரட்டல் கிடையாது. உடலைத் தளர்த்தியபடியே அந்த இறுக்கத்தைக் கற்பனையில் எழுப்பி, எடுக்காமல் வெளியே வந்து, இறுக்கம் தானாகவே வடிந்துபோவதைப் பழகுவது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் உள்ளவருக்கு முதல் முறையை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஏற்கெனவே அவமானத்தில் மூழ்கியிருப்பவருக்கு இன்னும் அவமானக் காட்சிகள் எதற்கு?

கூடவே நாட்குறிப்பு: எந்த நாள், எந்த நேரம், அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது. அப்புறம் சின்னச் சின்ன ஏற்பாடுகள். பட்டியலோடு போவது, கைப்பையை வாசலில் டோக்கன் போட்டு வைத்துவிடுவது, உந்துதல் வந்தால் ஒருவரைப் போனில் அழைப்பது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலோ சண்டை போட்ட நாளிலோ கடையைத் தவிர்ப்பது.

ஆதாரம் என்று பார்த்தால் மாத்திரையைவிட மெலிந்தது. பெரும்பாலும் தனி நோயாளிகளின் அறிக்கைகள். ஆனால் பக்கத்து நோயான சூதாட்டப் பழக்கத்தில், கற்பனைத் தளர்வுப் பயிற்சியையும் ஊக்கமூட்டும் பேச்சையும் சேர்த்து 6 அமர்வு மட்டும் நடத்திய 2009ஆம் ஆண்டு ஆய்வில் 68 பேர் கலந்துகொண்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் கையில் இருப்பது பயிற்சி என்பதால்தான் இரண்டையும் சேர்க்கச் சொல்கிறேன். கர்ப்பம், கல்லீரல் கோளாறு, தொடர் வலி மருந்து என்று நால்ட்ரெக்ஸோன் எடுக்க முடியாதவர்களுக்கு இதுவே முதல் வழி.

ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல ஓ.பி. இலவசம், மாத்திரைக்கு அது போதும். வாராவாரம் முக்கால் மணி நேரம் உட்கார அங்கே கூட்டம் விடாது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மருத்துவ உளவியலாளர்கள் உண்டு. தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேளுங்கள். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்ட யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இங்கே நிலைமை.

கோயில், தர்கா

நிம்மதி தருகிறதென்றால் போகட்டும். ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்றால் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஊரில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

போலீஸ் வந்துவிட்டால்

சட்டத்தைச் சிகிச்சைக்குப் பதிலாக வைக்க முடியாது. ஆனால் வழக்கு வந்துவிட்டால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில், திருட்டின் மதிப்பு 5,000 ரூபாய்க்குள் இருந்து, முதல் முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை மட்டுமே. லிப்ஸ்டிக், ஹேர் கிளிப் வழக்கு இதற்குள் வரலாம். அலமாரி மூட்டையைப் பதற்றத்தில் குப்பையில் போட்டுவிடாமல் வக்கீல் வழியாகத் திருப்பிக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

‘மனநோய், அதனால் குற்றமே இல்லை’ என்ற வாதத்தை நம்பிப் போகாதீர்கள். அதே சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, தான் செய்வது என்ன, அது தவறா என்றே அறிய முடியாத நிலையில் இருந்தவருக்கு. கிளெப்டோமேனியா உள்ளவருக்குத் தப்பு என்று நன்றாகவே தெரியும், நிறுத்தத்தான் முடியவில்லை. மருத்துவரின் சான்றிதழும் தொடர்ந்து சிகிச்சை எடுத்த பதிவும் தண்டனையைக் குறைக்கவோ நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கவோ உதவலாம். அதற்காகவே சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். மருத்துவரிடம் சொன்னது வெளியே போகும் என்ற பயத்துக்கு, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது.

தீ வைப்பது என்றால் வரிசை மாறும்

தீ வைக்கும் உந்துதலை அடக்க முடியாத பைரோமேனியாவையும் இதே நோய்க் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். ஆனால் முடிவெடுக்கும் முறை ஒன்றல்ல. பின்லாந்தில் திரும்பத் திரும்பத் தீ வைத்துச் சிக்கிய 90 ஆண்களை ஆராய்ந்தபோது உண்மையான பைரோமேனியா இருந்தது 3 பேருக்கு மட்டும். மற்றவர்களிடம் குடி, மனச்சிதைவு, அறிவுத்திறன் குறைபாடு, பழிவாங்கும் கோபம். இங்கே நால்ட்ரெக்ஸோனா எசிட்டாலோபிராமா என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வீட்டில் மற்றவர் உயிர் போகும் என்பதால் காவல்தான் முதல் நாள் வேலை. தீப்பெட்டி, லைட்டர், மண்ணெண்ணெய், சிலிண்டர் வால்வு எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும், மனநல அவசரப் பிரிவில் சேர்ப்பதைப் பற்றி அன்றே பேச வேண்டும். வீட்டுக்குத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. அமெரிக்காவில் தீ வைத்துப் பழகிய 5 முதல் 13 வயதுச் சிறுவர்களிடம் மூன்று வழிகளை ஒப்பிட்டார் உளவியலாளர் டேவிட் கோல்கோ. நடத்தைப் பயிற்சி, முறையான தீப்பாதுகாப்புப் பாடம், தீயணைப்பு வீரர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போவது. 2001இல் வெளியான முடிவில் முதல் இரண்டும் மூன்றாவதைவிடக் கூடுதல் பலன் தந்தன. ஆகவே சாமி அறைத் தீப்பெட்டியை எடுத்து மொட்டைமாடியில் பேப்பர் கொளுத்தும் பையனை ஃபயர் சர்வீஸ் ஆபீசுக்குக் கூட்டிப் போய் மிரட்டிவிட்டு வருவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு தடவை கார்த்திகை தீபத்தன்று விளையாடியதற்கும் வாராவாரம் ஒளித்து வைத்துக் கொளுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதுக்குக் குழந்தை மனநல மருத்துவர் வேண்டும்.

எட்டு வாரம் கழித்து

மாத்திரையும் பயிற்சியும் தொடங்கினால் நாட்குறிப்பில் இரண்டு எண்களைத் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை முறை உந்துதல் வந்தது, எத்தனை முறை எடுத்தார். எழுதுவது அவர், கணவர் இல்லை. சரியான அளவு மருந்தோடு எட்டு வாரம் போன பிறகு உந்துதல் குறைந்து திருட்டு அப்படியே இருந்தால், பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது என்று பயிற்சியின் அமர்வுகளைக் கூட்டலாம். திருட்டு நின்று உந்துதல் அப்படியே இருந்தால் அவர் பல்லைக் கடித்துத் தாக்குப்பிடிக்கிறார். மருந்தளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம், காவலை அதற்குள் எடுக்க வேண்டாம். இரண்டுமே அசையவில்லை என்றால் அடுத்த மாத்திரைக்குத் தாவும் முன் இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் போய், முதல் படியிலிருந்த கேள்வியை மறுபடி கேளுங்கள்: இது கிளெப்டோமேனியாதானா?